கோலாலம்பூரில் 40 ஆண்டுகளுக்கு முன்பே நடந்த அணுக்கரு இணைவு: அந்த மின்சாரம் ஏன் இன்னும் நம் வீட்டுக்கு வரவில்லை?

பிரிக்பீல்ட்ஸில் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் எல்ஆர்டி ஏறி, கிளானா ஜெயா பக்கம் போனால் நான்காவது நிறுத்தம் யுனிவர்சிட்டி. மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் 1985-86-இல் ஒரு சிறிய கருவி உருவானது. ஹைட்ரஜனின் ஒரு வகையான டியூட்ரியத்தின் அணுக்கருக்களை அது ஒன்றோடு ஒன்று இணைத்தது. சூரியனுக்கு ஆற்றல் தருவதும் இந்த வகை வினைதான்: அணுக்கரு இணைவு. ஆங்கிலத்தில் ஃபியூஷன்.

அதாவது, "எதிர்கால எரிசக்தி" என்று இன்று செய்திகளில் அடிபடும் ஒரு விஷயம், ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு முன்பே லெம்பா பந்தாயில் நடந்துவிட்டது.

'அப்படின்னா பில் ஏன் இன்னும் குறையல? காப்பார்ல ஏன் இன்னும் நிலக்கரி எரிக்கிறாங்க?'

நியாயமான கேள்வி. இதற்கான பதில் தெரிந்தால், "வரம்பில்லா மின்சாரம் வந்துவிட்டது" என்று அடுத்த முறை வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நீங்களே எடைபோட்டுவிடலாம்.

இணைவு வேறு, பிளவு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அணுவிலிருந்து ஆற்றல் எடுக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பிளவு. யுரேனியம் போன்ற கனமான அணுக்கருவை உடைப்பது. தமிழ்நாட்டின் கூடங்குளம், கல்பாக்கம் உட்பட இன்று உலகில் மின்சாரம் தரும் எல்லா அணுமின் நிலையங்களும் இந்த வகைதான். செர்னோபில், ஃபுக்குஷிமா விபத்துகள் நடந்ததும் இந்த வகை நிலையங்களில்தான்.

இன்னொன்று, இணைவு. ஹைட்ரஜன் போன்ற மிக இலேசான அணுக்கருக்களைச் சேர்த்து, அவற்றைவிடக் கனமான ஒன்றை உருவாக்குவது. சேர்ந்த பிறகு இருக்கும் நிறை, சேர்வதற்கு முன் இருந்த நிறையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அந்தக் குறைந்த நிறைதான் ஆற்றலாக மாறுகிறது. ஐன்ஸ்டைனின் புகழ்பெற்ற சமன்பாடு சொல்வது இதைத்தான்.

சூரியன் ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 600 மில்லியன் டன் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றுகிறது. அதில் சுமார் 4 மில்லியன் டன் நிறை ஆற்றலாகிறது. காலையில் மொட்டைமாடியில் காயப்போட்ட துணி மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறதே, அந்த வெயில் அங்கிருந்துதான் வருகிறது.

சூரியன் செய்வதை நாம் ஏன் சுலபமாகச் செய்ய முடியவில்லை?

அணுக்கருக்கள் எல்லாம் நேர்மின்னூட்டம் கொண்டவை. இரண்டு காந்தங்களின் ஒரே துருவங்களை நெருக்கினால் எப்படி விலகுமோ, அப்படித்தான் இவையும் ஒன்றை ஒன்று தள்ளும். இந்தத் தள்ளலை மீறி ஒட்ட வேண்டுமானால், அவை அசுர வேகத்தில் மோத வேண்டும். வேகம் என்றால் வெப்பம்.

சூரியனின் மையத்தில் வெப்பநிலை சுமார் 15 மில்லியன் டிகிரி செல்சியஸ். அங்கே சூரியனின் சொந்த எடையே எல்லாவற்றையும் அமுக்கிப் பிடித்திருக்கிறது. பூமியில் அந்த எடை நமக்கு இல்லை. அதனால் சூரியனைவிட அதிகமாகச் சூடாக்க வேண்டியிருக்கிறது. தெற்கு பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் உலைக்கு இலக்கு 150 மில்லியன் டிகிரி. சூரிய மையத்தைப் போல 10 மடங்கு!

இவ்வளவு வெப்பத்தில் எந்தப் பொருளும் திடமாகவோ திரவமாகவோ இருக்காது. அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் கழன்று, மின்னூட்டம் கொண்ட ஒரு குழம்பாகிவிடும். அதற்குப் பெயர் பிளாஸ்மா. மின்னலுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான்.

இதை எந்தப் பாத்திரத்திலும் ஊற்றி வைக்க முடியாது. சுவரில் பட்டால் பிளாஸ்மா உடனே குளிர்ந்துவிடும், சுவரும் பழுதாகும். ஆனால் அது மின்னூட்டம் கொண்டது என்பதால் காந்தப்புலத்துக்குக் கட்டுப்படும். 1950-களில் சோவியத் விஞ்ஞானிகள் வடை வடிவத்தில், அதாவது நடுவில் ஓட்டையுள்ள வளையமாக, ஒரு காந்தக் கூண்டை அமைத்தார்கள். அதுதான் டோக்காமாக். இன்றைய பெரிய ஆய்வு உலைகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. லேசர்களால் ஒரு சிறு எரிபொருள் உருண்டையை எல்லாப் பக்கமும் அமுக்குவது இன்னொரு வழி.

மலாயாப் பல்கலைக்கழகம் செய்தது என்ன?

கோலாலம்பூரில் நடந்தது இந்த இரண்டுமே இல்லாத, மலிவான மூன்றாவது வழி. அதற்குப் பிளாஸ்மா ஃபோகஸ் என்று பெயர்.

நடுவில் விரல் கனத்தில், சுமார் 16 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு செம்புக் கம்பி. அதைச் சுற்றி வேலி போல ஆறு கம்பிகள். எல்லாம் காற்று வெளியேற்றப்பட்ட ஒரு கலனுக்குள். அதில் கொஞ்சமாக டியூட்ரியம் வாயு. வெளியே 30 மைக்ரோஃபாரட் அளவில் ஒரே ஒரு பெரிய கெப்பாசிட்டர். அதை 15,000 வோல்ட்டுக்கு மின்னேற்றி, ஒரு நொடியில் திறந்துவிடுவார்கள்.

அப்போது கம்பிகளுக்கு இடையே ஒரு மின் படலம் உருவாகி மேல்நோக்கி ஓடும். கம்பியின் நுனியை அடைந்ததும் நாலாபக்கமிருந்தும் உள்நோக்கிச் சுருங்கி, ஊசி போல மெல்லிய, கொதிக்கும் பிளாஸ்மாத் தூணாகும். அந்தத் தூண் நிலைப்பது ஒரு மைக்ரோ வினாடிக்கும் குறைவு. அதற்குள் சில டியூட்ரியம் அணுக்கருக்கள் இணைந்துவிடும். வெளியே பறக்கும் நியூட்ரான்கள்தான் அதற்குச் சாட்சி. ஒரு தடவைக்குச் சுமார் 100 மில்லியன் நியூட்ரான்கள்.

இந்தத் திட்டத்தை நடத்தியவர் மலேசிய இயற்பியலாளர் பேராசிரியர் லீ சிங். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் நடந்த பயிற்சி அது. எகிப்து, பாகிஸ்தான், இந்தோனேசியா, சியரா லியோன் போன்ற நாடுகளின் இளம் ஆய்வாளர்கள் கோலாலம்பூரில் தங்கி, இந்தக் கருவியைத் தங்கள் கையாலேயே கட்டிப் பழகினார்கள். பிறகு இதே வடிவமைப்பு பல வளரும் நாடுகளின் ஆய்வுக்கூடங்களுக்குப் போனது. டெல்லிப் பல்கலைக்கழகமும் அவற்றில் ஒன்று. 1988-இல் அமெரிக்காவின் ஓர் இயற்பியல் கல்வி இதழில் இந்தக் கருவியைப் பற்றிய கட்டுரை வெளியானது. பிளாஸ்மாவையும் இணைவையும் கற்பிப்பதற்கான எளிய கருவி என்றுதான் அதில் அவர்கள் சொன்னார்கள். அதே ஆண்டு ஆசிய ஆப்பிரிக்க பிளாஸ்மா பயிற்சிச் சங்கமும் உருவானது.

பணக்கார நாடுகள் மட்டுமே தொடக்கூடிய துறை என்று கருதப்பட்ட ஒன்றுக்குள், ஒரே ஒரு கெப்பாசிட்டரை வைத்துக்கொண்டு நுழைந்தவர்கள் இவர்கள்.

கணக்கு எங்கே உதைக்கிறது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இணைவு நடந்துவிட்டது. மின்சாரம் எங்கே?

அந்தக் கெப்பாசிட்டரில் சேமிக்கப்பட்ட ஆற்றல் சுமார் 3,300 ஜூல். உங்கள் கைப்பேசி பேட்டரி முழுதாக இருக்கும்போது உள்ள ஆற்றலில் ஏறக்குறைய 6 விழுக்காடு. அவ்வளவுதான். ஆனால் அதைச் சில மைக்ரோ வினாடிகளில் கொட்டித் தீர்ப்பதால், அந்தக் கணத்தில் மட்டும் அதன் திறன் ஆயிரம் மெகாவாட் அளவுக்கு எகிறும். ஒரு பெரிய மின் நிலையத்தின் திறன் அது!

ஆற்றல் என்பதும் திறன் என்பதும் ஒன்றில்லை என்பதை இங்கே கவனியுங்கள். ஒரு வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றினாலும், சொட்டுச் சொட்டாக ஊற்றினாலும், தண்ணீர் அதே ஒரு வாளிதான்.

சரி, திரும்ப வந்தது எவ்வளவு? 100 மில்லியன் நியூட்ரான்கள் என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அத்தனை இணைவுகளையும் கூட்டினால் வெளிப்பட்ட ஆற்றல் ஒரு ஜூலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். போட்டதில் ஏறக்குறைய 30 மில்லியனில் ஒரு பங்கு. ஒரு மில்லியன் ரிங்கிட் முதலீடு போட்டு, 3 சென் வருமானம் பார்த்த மாதிரி.

ஆக, இணைவை நடத்துவது சிரமம் இல்லை. போட்டதைவிட அதிகமாக எடுப்பதுதான் சிரமம். கடந்த 70 ஆண்டு ஃபியூஷன் வரலாறு முழுவதும் இந்த ஒரு கணக்கை நேராக்கும் முயற்சிதான்.

ஃபியூஷன் செய்தி வந்தால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

கேள்வி 1: 'போட்டது' என்று எதைச் சொல்கிறார்கள்?

2022 டிசம்பர் 5-ஆம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள தேசிய பற்றவைப்பு மையத்தில், 192 லேசர் கதிர்கள் ஒரு சிறு எரிபொருள் உருண்டையைத் தாக்கின. லேசர் கொடுத்தது 2.05 மெகாஜூல். இணைவில் வந்தது 3.15 மெகாஜூல். வரலாற்றிலேயே முதல் முறையாகப் போட்டதைவிட அதிகம் வந்தது. 2025-இல் அதே மையம் 8.6 மெகாஜூல் வரை எட்டியது.

மாபெரும் சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் 2022-இல் அந்த 2.05 மெகாஜூல் லேசர் ஒளியை உண்டாக்க, மின்கம்பியிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். ஒப்பிட்டுப் பாருங்கள்: 3.15 மெகாஜூலை வைத்து 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். 300 மெகாஜூலை வைத்து 1,000 லிட்டர் கொதிக்க வைக்கலாம். லேசருக்கும் எரிபொருளுக்கும் இடையிலான கணக்கில் இலாபம். சுவரில் உள்ள பிளக்கிலிருந்து கணக்குப் போட்டால் இன்னும் பெரிய நஷ்டம்.

கேள்வி 2: எவ்வளவு நேரம்?

இங்கிலாந்தில் இருந்த ஜெட் என்ற டோக்காமாக் 2023-இல், தன் கடைசிக் காலத்தில், ஒரே ஓட்டத்தில் 69 மெகாஜூல் இணைவு ஆற்றலைத் தந்தது. எரிந்த எரிபொருள் வெறும் 0.2 மில்லிகிராம். அந்த ஆற்றலை அப்படியே மின்சாரமாக மாற்ற முடிந்தால் 19 கிலோவாட் மணி. ஒரு குதிரைத்திறன் ஏர்கோனை ஏறக்குறைய ஒரு நாள் ஓட்டலாம். ஆனால் அந்த ஓட்டம் நீடித்தது சுமார் 5 வினாடிதான்.

2025 ஜனவரியில் சீனாவின் ஈஸ்ட் உலை சூடான பிளாஸ்மாவை 1,066 வினாடிகள் நிலைநிறுத்தியது. அடுத்த மாதமே பிரான்சின் வெஸ்ட் உலை 1,337 வினாடிகள், அதாவது 22 நிமிடங்கள் வரை போனது. இந்த இரண்டு ஓட்டங்களும் பிளாஸ்மாவைப் பிடித்து வைக்கும் பயிற்சிகள். ஆற்றல் உற்பத்தி அவற்றின் நோக்கம் இல்லை. மின் நிலையம் என்றால் மாதக்கணக்கில் ஓட வேண்டும்.

கேள்வி 3: மின்சாரமாக மாறியதா?

இதுவரை எந்த இணைவு உலையும் மின்விநியோகக் கம்பிக்கு மின்சாரம் அனுப்பியதில்லை. வந்த வெப்பத்தை வைத்து நீரைக் கொதிக்க வைத்து, நீராவியால் சுழலியைச் சுற்றினால்தான் மின்சாரம். அந்த மாற்றத்திலேயே பாதிக்கு மேல் வீணாகிவிடும். அதனால் ஒன்றுக்கு ஒன்று வந்தால் போதாது. ஒன்றுக்குப் பத்து, இருபது என்று வர வேண்டும்.

எரிபொருள் கடலில் கொட்டிக் கிடக்கிறதா?

பாதி உண்மை.

மின் நிலையத்துக்கு ஏற்றது என்று கருதப்படும் எரிபொருள் டியூட்ரியமும் டிரிடியமும் சேர்ந்த கலவை. இரண்டும் ஹைட்ரஜனின் உறவுக்காரர்கள். ஒரு கிராம் கலவை முழுதாக இணைந்தால் பத்து டன்னுக்கும் அதிகமான நிலக்கரி தரும் வெப்பம் கிடைக்கும்.

டியூட்ரியம் நிஜமாகவே கடலில் இருக்கிறது. ஆயிரம் லிட்டர் கடல்நீரில் சுமார் 33 கிராம். மலாக்கா நீரிணை நமக்குப் பக்கத்தில்தான்.

சிக்கல் டிரிடியம். அது கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். அதாவது இன்று 10 கிராம் வைத்தால், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஏறக்குறைய 5 கிராம்தான் இருக்கும். இயற்கையில் மிகச் சொற்பமே உண்டு. இப்போது கிடைக்கும் டிரிடியத்தில் பெரும்பங்கு கனடா பாணியில் கனநீர் பயன்படுத்தும் பிளவு உலைகளில் உபரியாக வருவது.

எனவே, இணைவு உலை தனக்கு வேண்டிய டிரிடியத்தைத் தானே தயாரிக்க வேண்டும். உலையின் சுவரில் லித்தியம் வைப்பார்கள். இணைவில் பறக்கும் நியூட்ரான் லித்தியத்தில் மோதினால் டிரிடியம் பிறக்கும். தாளில் இது அழகான சுழற்சி. ஒரு முழு மின் நிலையத்தின் அளவில் இதை இன்னும் யாரும் செய்து காட்டவில்லை.

வெடிக்குமா?

'அணு'ன்னு பேர் வந்தாலே வீட்டில் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. மலேசியாவில் அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. 1980-களில் ஈப்போ அருகே புக்கிட் மேராவில், ஓர் அரிய மண் தொழிற்சாலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து மக்கள் நடத்திய போராட்டம் இன்னும் பலருக்கு நினைவிருக்கிறது.

இணைவு உலையில் செர்னோபில் மாதிரி விபத்து நடக்க வாய்ப்பில்லை. பிளவு உலையில் பல மாதங்களுக்கான எரிபொருள் உள்ளேயே இருக்கும். வினை தொடர் சங்கிலியாக நடக்கும், அதை அடக்கி வைப்பதுதான் வேலை. இணைவு உலையிலோ ஒரு நேரத்தில் இருப்பது சில கிராம் எரிபொருள்தான். ஏதாவது தவறினால் பிளாஸ்மா குளிர்ந்து வினை தானாக நின்றுவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காக்க வேண்டிய எரிபொருள் கழிவும் இதில் இல்லை.

ஆனால் "முற்றிலும் சுத்தம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நியூட்ரான்கள் தொடர்ந்து மோதுவதால் உலையின் உள்சுவரே கதிரியக்கம் கொண்டதாக மாறும். அதைப் பல பத்தாண்டுகள் பாதுகாக்க வேண்டும். டிரிடியம் தண்ணீரோடு எளிதாகக் கலக்கும் என்பதால் அதைக் கசியவிடக் கூடாது. எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும், அதைக் கண்காணிப்பவர்கள் மேல் மக்களுக்கு நம்பிக்கை வேண்டும்.

எப்போதுதான் வரும்?

உலகின் மிகப் பெரிய இணைவுத் திட்டம் ஈட்டர். சீனா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, ஜப்பான், தென்கொரியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய ஏழு தரப்பும் சேர்ந்து 2006-இல் ஒப்பந்தம் போட்டன. 50 மெகாவாட் வெப்பம் செலுத்தி 500 மெகாவாட் இணைவுத் திறன் எடுப்பது இலக்கு. உலையைச் சுற்றி நிற்கும் பிரம்மாண்ட வெற்றிடக் கலனின் பாகங்கள் இந்தியாவின் குஜராத்தில், ஹசிராவில் செய்யப்பட்டவை. அதன் எடை 3,850 டன்.

2024-இல் அறிவிக்கப்பட்ட புதிய அட்டவணைப்படி ஈட்டரின் ஆய்வுப் பணி 2034-இல் தொடங்கும். டியூட்ரியம், டிரிடியம் கலவையில் ஓடுவது 2039-இல். அப்போதும் ஈட்டர் மின்சாரம் தயாரிக்காது. அது ஓர் ஆய்வு உலை. அதிலிருந்து கற்றுக்கொண்டு கட்டும் அடுத்த தலைமுறை உலைதான் மின்சாரம் தர வேண்டும்.

தனியார் நிறுவனங்கள் இதைவிட வேகமாக ஓடப் பார்க்கின்றன. அமெரிக்காவின் காமன்வெல்த் ஃபியூஷன் சிஸ்டம்ஸ், வர்ஜீனியாவில் 2030-களின் தொடக்கத்தில் மின் நிலையம் கட்டுவோம் என்கிறது. அதிலிருந்து 200 மெகாவாட் வாங்க 2025-இல் கூகுள் ஒப்பந்தம் செய்தது. ஹீலியன் என்ற இன்னொரு நிறுவனம் 2028-இல் மைக்ரோசாஃப்ட்டுக்கு மின்சாரம் தருவதாக 2023-இல் உறுதி சொன்னது. இவை நிறுவனங்கள் வைத்திருக்கும் இலக்குகள். இந்தத் துறையில் இலக்குத் தேதிகள் தள்ளிப்போவது புதிதில்லை. ஈட்டரின் தேதியே பலமுறை தள்ளிப்போயிருக்கிறது.

மலேசியாவுக்கு இதில் என்ன?

கிள்ளானிலிருந்து வடக்கே காப்பார் போகும் வழியில் அந்த உயரமான புகைபோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின் நிலையம். முழுதாகக் கட்டி முடித்தபோது அதன் திறன் 2,420 மெகாவாட். எரிவாயு, எண்ணெய், நிலக்கரி என எல்லாவற்றுக்குமாக வடிவமைக்கப்பட்டது. கப்பலில் வரும் நிலக்கரியை இறக்க அதற்குத் தனித் துறைமேடையே உண்டு. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியையும் எரிவாயுவையும் நம்பித்தான் இருக்கிறது.

2044-க்குள் நிலக்கரி மின்சாரத்தை முழுதாகக் கைவிடுவதும், 2050-க்குள் நிகர கரிம வெளியேற்றத்தைப் பூஜ்ஜியமாக்குவதும் மலேசியாவின் இலக்குகள்.

இப்போது இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈட்டர் முழு எரிபொருளோடு ஓடத் தொடங்குவது 2039. மலேசியா நிலக்கரியை விடுவது 2044. நடுவில் ஐந்தே ஆண்டுகள். ஒரு மின் நிலையத்தை வடிவமைத்து, அனுமதி வாங்கி, கட்டி முடிக்கவே பத்து ஆண்டுகள் போல ஆகும். ஆகவே காப்பாரின் நிலக்கரிக்கு மாற்றாக ஃபியூஷன் வந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. அந்த இடத்தைச் சூரியசக்தி, நீர்மின்சாரம், மின்சேமிப்பு பேட்டரிகள், எரிவாயு போன்றவற்றிலிருந்துதான் நிரப்ப வேண்டும்.

அதோடு இன்னொன்றும் இருக்கிறது. 2025 ஜூலை 31-ஆம் தேதி பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தாக்கல் செய்த 13-ஆவது மலேசியத் திட்டத்தில் அணுசக்தியும் ஒரு தெரிவாக இடம்பெற்றது. 2018-இல் அப்போதைய பிரதமர் துன் மகாதீர், அணுமின்சாரம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இப்போது காற்று திசை மாறியிருக்கிறது.

இங்கேதான் கவனம் தேவை. அந்தத் திட்டம் பேசும் அணுசக்தி, பிளவு வகை. இணைவு இல்லை. "ஃபியூஷன் பாதுகாப்பானது, கழிவு குறைவு" என்று படித்ததை, பிளவு உலைக்கு ஆதரவாக அப்படியே எடுத்துப் பேசினால் தவறு. செர்னோபிலைக் காட்டி ஃபியூஷனைப் பயமுறுத்தினாலும் அதே தவறு. பிளவு உலை வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனி வாதங்கள் உண்டு: செலவு, கழிவு, இடம், கண்காணிப்பு, நிலையான மின்சாரம். அந்த விவாதம் அதன் சொந்தக் கணக்கில் நடக்க வேண்டும்.

பிளவு உலை மலேசியாவுக்கு முற்றிலும் புதிதும் இல்லை. காஜாங் அருகே பாங்கியில், மலேசிய அணுசக்தி நிறுவனத்தின் ரியாக்டர் திரிகா புஸ்பாத்தி என்ற ஆய்வு உலை 1982-இலிருந்து இருக்கிறது. திறன் ஒரு மெகாவாட். அது மின்சாரத்துக்காகக் கட்டப்படவில்லை. ஆய்வுக்கும் பயிற்சிக்கும் உரியது.

'அப்போ நான் பௌதிகம் எடுக்கிறதுல அர்த்தம் இருக்கா?'

படிவம் 4-இல் எந்தப் பாடம் எடுப்பது என்று யோசிக்கும் ஒருவர் இப்படிக் கேட்கலாம். 2010-இல் பிறந்த ஒருவருக்கு 2039-இல் 29 வயது. 2044-இல் 34. மேலே சொன்ன தேதிகள் எல்லாம் அவருடைய வேலைக் காலத்துக்குள்தான் வருகின்றன.

அண்டை நாடான தாய்லாந்து இதை யோசித்திருக்கிறது. சீனாவில் முன்பு பயன்பட்ட ஒரு டோக்காமாக்கைப் பெற்று, 2023-இல் நாக்கோன் நாயோக்கில் இயக்கத் தொடங்கியது. தென்கிழக்காசியாவின் முதல் டோக்காமாக் அது. அதிலிருந்து தாய்லாந்துக்கு மின்சாரம் வராது. ஆனால் இந்தத் துறை தெரிந்த ஆட்கள் வருவார்கள்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் அனுபவமும் அதைத்தான் காட்டுகிறது. அந்த 3,300 ஜூல் கருவி ஒரு பல்பைக்கூட எரிக்கவில்லை. ஆனால் அதைக் கட்டிப் பழகியவர்கள் உயர் மின்னழுத்தம், வெற்றிடத் தொழில்நுட்பம், வேகமான அளவீடு எல்லாம் கற்றார்கள். இதே வகைக் கருவிகள் பின்னாளில் எக்ஸ்ரே மூலங்களாகவும், பொருட்களின் மேற்பரப்பில் மெல்லிய படலங்கள் பூசவும் பயன்பட்டன. பிளாஸ்மா தெரிந்தவருக்கு ஃபியூஷன் மட்டும்தான் வேலை என்றும் இல்லை. கைப்பேசிக்குள் இருக்கும் சில்லைச் செதுக்குவதே பிளாஸ்மாவை வைத்துத்தான். பினாங்கிலும் கூலிமிலும் இருக்கும் சிப் தொழிற்சாலைகளைக் கேட்டால் தெரியும்.

ஃபியூஷன் மின்சாரம் ஒரு நாள் விற்பனைக்கு வரும்போது, அதை வாங்கும் நாடாக இருப்பதற்குப் பணம் போதும். அதைப் பரிசோதித்து, விலை பேசி, பாதுகாப்பைக் கண்காணித்து, பழுதானால் சரிசெய்யும் நாடாக இருப்பதற்கு அதைப் புரிந்த ஆட்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உருவாக இருபது ஆண்டுகள் ஆகும். அதற்கான ஆய்வுக்கூடங்களுக்கும் உதவித்தொகைகளுக்கும் பட்ஜெட்டில் இடம் இருக்கிறதா என்பது இன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி. 18 வயதில் ஓட்டுரிமை கிடைக்கும் நாட்டில், அதைக் கேட்க வயது ஒரு தடையில்லை.

நிலக்கரியை எப்படி விடப் போகிறோம் என்பது அடுத்த இருபது ஆண்டுகளின் வேலை. ஃபியூஷன் அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கான தயாரிப்பு. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போட முடியாது.